கெண்டைக்கால்

பன்னிரண்டு டாலருக்கு வாங்கினானாம் வெர்லின்,
பனி விலகாத ஏதோவொரு வீட்டு வாசலில்.
ட்ரீஸ் செய்தது என்று நான் சொல்லிவிட்டால்
இரண்டாயிரம்.
சொல்லாவிட்டால், பழைய தோல்.

டுலூத்தில் பிப்ரவரி. உறைந்த ஏரி
கடை ஜன்னல்வரை வெளிச்சத்தைத் தள்ளுகிறது.
மேசையில் மூன்று உறைகளைக் கிடத்துகிறேன்:
சந்தேகமில்லாத ட்ரீஸ் ஒன்று,
ட்ரீஸைப் பார்த்துச் செய்த போலி ஒன்று,
பிறகு இது.

பூல் குச்சியை இரண்டாகக் கழற்றி உள்ளே இறக்கி
தோளில் மாட்டிக்கொண்டு மதுக்கடைக்குப் போன யாரோ
அடியில் ஒரு சிட்டிகை நீலச் சுண்ணப்பொடியை
விட்டுப் போயிருக்கிறார்.

முதலில் தையல். எப்போதும் தையல்தான்.
பூட்டை மாற்றலாம், முத்திரையைத் திருடலாம்;
கை தன் சாய்வை மறைக்காது.
ட்ரீஸ், அங்குலத்துக்கு எட்டு.
இங்கே பதினொன்று. உள்பக்கம் தடவினால்
முடிச்சே தட்டுப்படவில்லை.
உடம்பில் உரசக்கூடாத ஒன்றைத்
தைத்துத் தைத்துப் பழகிய கை.
குச்சிக்கு எதற்கு இவ்வளவு இரக்கம்?

வெர்லினிடம் சொல்லவில்லை.
விலை அதற்குள் மிதப்பதுபோல
அவன் என் காப்பிக் கோப்பையையே பார்க்கிறான்.

மூடியின் உட்புறம், நகத்தளவு முத்திரை:
ஓ. கி. 14.
என் நோட்டுகள் ஏழிலும்
ஓ. கி. என்று எவரும் இல்லை.
பதினான்காவது உறை என்றால்
மற்ற பதின்மூன்றும் எங்கே?

எரிச்சலில் மூன்றையும் நிமிர்த்தி வைத்தேன்.
ட்ரீஸ் சாய்ந்தது. போலி உருண்டே போனது.
இது நின்றது.
நின்றது என்றால்,
எடையை எங்கே வாங்கிக்கொள்வதென்று
தெரிந்து நின்றது.

அப்போதுதான் கண்ணை மூடி
மேலிருந்து கீழே விரலை ஓட்டினேன்.
குழாய் நேரில்லை.
பின்புறம், பாதிக்குச் சற்று மேலே
மெல்லப் புடைத்து, மெல்ல வடிந்து,
தோலுக்குள் மீனொன்று புரண்டு படுத்ததுபோல்
கெண்டைக்கால்.

அறுபத்தொன்றாம் வருட டெலிபோன் டைரக்டரியில்
செயற்கைக் கால் செய்பவர்கள் இரண்டே பேர்.
ஒருவர் ஓஸ்மோ கிவெலா.
மகள் ஐலி இன்னும் அதே எண்ணில் இருக்கிறாள்.

"அப்பாவுக்கு ஆடத் தெரியாது.
ஆனால் பின்னறையில் ஒரு பூல் மேசை கிடந்தது.
கம்பியைப் பிடித்து நடங்கள் என்றால்
சுரங்கத்து ஆட்கள் ஐந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.
கையில் குச்சியைக் கொடுத்துவிட்டால்
இருட்டும்வரை மேசையைச் சுற்றுவார்கள்.
எட்டாம் பந்து தூர மூலையில் நின்றால்
புதுக் காலில்தானே சாய்ந்தாக வேண்டும்?"

பதினான்கு?

"அது உறையின் எண் இல்லை. காலின் எண்.
மிச்சத் தோலில், அதே அச்சில் ஒன்று தைத்து
நன்றாக ஆடியவர்களுக்குக் கொடுப்பார்."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"இல்லை, இல்லை. தோற்றுக்கொண்டே சுற்றியவர்களுக்கு."

வெர்லின் கேட்டான்: அப்போ ட்ரீஸ் இல்லையா?
இல்லை.
என்ன போகும்?
தெரியவில்லை என்றேன். முப்பது வருடத்தில்
இந்த மேசையில் அந்தச் சொல்லை
இரண்டாம் முறையாகச் சொல்கிறேன்.

சீட்டில் 'செய்தவர்' என்ற கோட்டில்
பெயரை எழுதினேன், முழுப் பெயராக.
'யாருக்காக' என்று கோடு எதுவும் கிடையாது.
பேனா அங்கே சற்று நேரம்
ஒற்றைக் காலில் நின்றது.

உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.
வாசற்படியில் கண்ணாடிபோல் பனிக்கட்டி.
கதவைப் பிடித்துக்கொண்டு, இடக்காலை ஊன்றிப் பார்த்து,
பிறகு வலது,
மிகவும் யோசித்து இறங்கினான்,
இரண்டு காலும் சொந்தக் காலான வெர்லின்.